கல்வெட்டில் இருப்பவள்

அக்கா,

கூடத்தில் இருக்கும் பெட்டியைத் திறந்தால் இன்னும் அச்சு மை மணக்கிறது. நீ இறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்தவர்களுக்குக் கொடுத்து மிஞ்சிய நினைவுப் புத்தகங்கள். எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்பார்களே, அதுதான். அட்டையில் நீ சேலையுடன் சிரிக்கிறாய். உள்ளே, 'வெள்ளி தவறாமல் ஆலயம் தொழுத குடும்ப விளக்கு' என்று சித்தப்பா எழுதியிருக்கிறார். நீ கோயிலுக்குப் போவதை எப்போதோ நிறுத்தியது அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் அவர் அந்த வரியை மாற்றச் சொல்லவில்லை.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு இங்கே வெஸ்ட்கேட் தெருவில் ஒரு பேக்கரி வேலைக்குப் போனபோது, வீட்டில் என்னோடு பழையபடி கதைத்தது நீ மட்டும்தான். பல்கலைக்கழகத்திலிருந்து வரும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, என் வேலை முடியும்வரை வெளியே காத்திருப்பாய். விற்காத பன்னைப் பிய்த்துத் தின்றபடி உன் ஆய்வைப் பற்றிச் சொல்வாய். ஸ்கொட்லாந்துத் தத்துவவாதி ஒருவர். அற்புதங்களையும் மதத்தையும், மனித அறிவையுமே சந்தேகித்தவர். இங்கிலாந்தின் சரித்திரத்தை எழுதியபோது, தலை வெட்டப்பட்ட ஓர் அரசனுக்காக இரங்கினார். அவர் இறந்த பிறகு பிரான்சில் புரட்சி வந்தது. அரசனையும் தேவாலயத்தையும் காக்க நினைத்தவர்கள் அந்தச் சரித்திரத்தைத் தூக்கிப் பிடித்து, அவர் அன்றைக்கே எச்சரித்தார் என்றார்கள்.

"மதத்தைச் சந்தேகிச்ச ஆளை சேர்ச் ஆக்கள் எப்பிடித் தங்கட பக்கம் சேர்த்தவை?" என்று கேட்டேன்.

"வேண்டின பக்கத்தை வாசிச்சிட்டு மிச்சத்தை மூடி வைச்சிட்டினம். எடி, இந்தக் கேள்வியை என்ர புரொபசரே கேக்கேல்லை. நீ தீசிஸை எழுது, நான் பன் விக்கிறன்."

ஒரு ஞாயிறு சாப்பாட்டு மேசையில் அந்தத் தத்துவவாதியை வைத்துத்தான் சித்தப்பாவோடும் வாதாடினாய். "பழக்கவழக்கம் இல்லாமல் மனுசர் வாழேலாது, சித்தப்பா. ஆனா பழசு எண்டதுக்காக அது சரியெண்டு ஆகாது." கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில், உன் பெயரோடு, அதில் முதல் வசனம் மட்டும் இருக்கிறது.

அச்சுக்குப் போகும் முன் காட்டினார்கள். நான் சொன்னேன். "சித்தப்பா, அக்கா மிச்சமும் சொன்னவ."

"ஓம் பிள்ளை, அதெல்லாம் இப்ப என்னத்துக்கு? சனம் நல்லா நினைக்கட்டும்."

"அக்கா கோயிலுக்குப் போறேல்லை."

"நீ முதல் பள்ளிக்கூடத்தை முடி. பிறகு எனக்குப் படிப்பிக்கலாம்."

யாரோ சிரித்தார்கள். நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கழுவக் குசினிக்குப் போய்விட்டேன்.

கல்வெட்டு லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்விட்டது. அந்த வீடுகளில் எல்லாம் இனி நீ அந்தப் பெண்தான். உன் ஆய்வு பாதியில் நிற்கிறது. அதை முடிக்க யாரும் இல்லை.

நேற்று அம்மா சொன்னார், நான் படிப்பை விட்டது உன்னால் தாங்க முடியவில்லையாம். என்மேல் கோபமாம். அறைக்குள் அழுவாயாம்.

"அக்கா அப்பிடியில்லை. அதெல்லாம் இப்ப என்னத்துக்கு?" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது சித்தப்பாவின் பேச்சு என்று விளங்கியது. நான் மூடி வைக்கப் பார்த்த உன் கோபத்தையும் இப்போது என்னோடு வைத்திருக்கிறேன், அக்கா. அதை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வைத்திருக்கிறேன்.