‘மூணாவது மாடி’யின் மூன்றாவது இசைத்தட்டு

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

நீ நலம் என்பதைச் சுவரொட்டியில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். பல்லைக்கூட வெள்ளையாக்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

நம் ராக் குழு ‘மூணாவது மாடி’ இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. உன் மாமா, அதாவது என்னைக் கட்டிக்கொண்ட பாவப்பட்ட டிரம்ஸ்காரர், வேலை பார்க்கும் மெத்தைக் கடையின் கிடங்கில் மூன்றாவது இசைத்தட்டைப் பதிவுசெய்கிறோம். சுற்றிலும் மெத்தை அடுக்கியிருப்பதால் அவர் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அக்கம்பக்கத்தில் யாரும் சண்டைக்கு வருவதில்லை. எட்டுப் பாட்டு எழுதிவிட்டேன். பாடத்தான் ஆளில்லை. நீ குழுவை விட்டுத் தனியாகப் பாடப் போனதை நான் குறை சொல்லவில்லை. சுற்றுப்பயணத்தின் நடுவில் போனாயே, அதைத்தான் மாமா அடிக்கடி சொல்லிக்காட்டுகிறார். ஒரு வாரம் வந்து பாடிக் கொடுத்துவிட்டுப் போயேன்.

உன் அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

வர ஆசைதான். ஆனால் ஒப்பந்தப்படி இந்தக் கம்பெனிக்கு வெளியே நான் தும்மக்கூட முடியாது. நான் பாடியதை இயந்திரத்தில் போட்டு, இழைத்துத் தேய்த்துத் திருப்பித் தருகிறார்கள். “அந்தக் கரகரப்பு வேணாம் தம்பி, கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே பாடுங்க” என்கிறார் தயாரிப்பாளர். காதலி செத்துப்போகிற பாட்டு, அக்கா. சிரித்துக்கொண்டே பாடினேன்.

வேறு பாடகரைத் தேடிக்கொள்ளுங்கள். என்னைவிட நன்றாகப் பாடுகிறவர் மட்டும் வேண்டாம்.

தம்பி

மே 17

அன்புத் தம்பிக்கு,

பாடகர் தேடிய கதையைக் கேள். ஒருவர் கண்ணை மூடினால் திறப்பதில்லை. நாங்கள் டீ குடித்துவிட்டு வந்தபோதும் பாடிக்கொண்டிருந்தார். இன்னொருவர் தள்ளுபடி உண்டா என்று விசாரித்து, ஒரு மெத்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாடவே இல்லை.

கடைசியில், டிரம்ஸ் அடிக்க மாமாவுக்குப் பாட்டின் போக்கு தெரியட்டும் என்று நானே பாடி வைத்தேன். ஒலிப்பதிவு செய்யும் பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “இனி யாரையும் தேட வேணாம்க்கா, இதுதான்” என்றாள்.

“இத்தனை வருஷத்துல எம் புருஷனே என்னைப் பாட விட்டதில்ல” என்றேன்.

மாமா குச்சியைக் கீழே வைத்தார். “நீ எப்ப கேட்ட?”

உண்மைதான். நான் கேட்டதே இல்லை.

எட்டையும் பாடிவிட்டேன். தட்டு இத்துடன் வருகிறது. திட்டுவதென்றால் மெதுவாகத் திட்டு.

அக்கா

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

என் தட்டு வெளிவந்தது உனக்குத் தெரிந்திருக்காது. யாருக்குமே தெரியவில்லை. கம்பெனிக்காரர்கள் மரியாதையாகக் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள்.

உன் தட்டைக் கேட்டேன். முதல் தடவை, ‘இங்கே நான் இன்னும் மேலே போயிருப்பேன்’ என்று வரிக்கு வரி சண்டை போட்டேன். மறுபடி கேட்டபோது, நாலாவது பாட்டில் உன் குரல் உடைகிற இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கம்பெனியில் அதைத்தான் முதலில் இழைத்திருப்பார்கள்.

திரும்பி வந்துவிடுகிறேன், அக்கா. அடுத்த கச்சேரியில் பாடத் தயார்.

தம்பி

செப்டம்பர் 8

அன்புத் தம்பிக்கு,

வா. “வரட்டும், பக்கத்துல இருந்தா திட்ட வசதி” என்று மாமாவே சொல்லிவிட்டார்.

ஆனால் ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். பாடுகிற இடத்தைத் திருப்பித் தரமாட்டேன். ஆறு வருடம் பேஸ் கிட்டாரோடு உன் பக்கத்தில் நின்றேன், அதுவும் சந்தோஷம்தான். இது வேறு சந்தோஷம். விட மனசு வரவில்லை. பதிவில் நீ வாசிக்கிற கிட்டார் பகுதியையும் நானே வாசித்து ஒப்பேற்றினேன். மேடையில் பேஸோடு சேர்த்து அது நடக்காது. நீ வாசிப்பாயா? முடியாது என்றாலும் சாப்பிட வா.

அக்கா

செப்டம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கோபமாகத் திரிந்தேன். பிறகு கிட்டாரை எடுத்து, உன் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தேன். உன் குரலைச் சுற்றி எவ்வளவு இடம் விட்டிருக்கிறாய். நான் பாடியபோது அதையெல்லாம் நானே அடைத்துக்கொண்டிருந்தேன் போல. விரல் நுனியில் தோல் உரிந்துவிட்டது. நிறுத்த மனமில்லை.

வெள்ளிக்கிழமை வருகிறேன். மேடையில் உனக்கு இடப்பக்கம் நிற்கவா, வலப்பக்கமா? சொன்னால் அதற்கேற்ற நீளத்தில் வயர் வாங்கிக்கொண்டு வருவேன்.

உன் கிட்டார்க்காரன்