சவூதி அயனை ஏன் ஒளித்தேன்

காக்கா,

நானும் உம்மாவும் சாச்சி வீட்டுக்குப் போகிறோம். மீன் ஆணம் அடுப்படியில் மூடியிருக்கிறது. ஜும்ஆவுக்கு உங்கள் சட்டையைச் சிரட்டைக்கரி அயனால் தேய்த்து வைத்தேன்.

நீங்கள் சவூதியிலிருந்து கொண்டுவந்த அயனைத் தேடாதீர்கள். நான்தான் ஒளித்தேன். அதன் கைபிடிக்குக் கீழே 110 வோல்ட், 5 அம்பியர் என்று இருக்கிறது. வோல்டை அம்பியரால் வகுத்தால் தடை 22 ஓம். இரண்டையும் பெருக்கினால் வலு 550 வாட். நம் வீட்டுக் கரண்டோ 230 வோல்ட். அதே 22 ஓமில் பத்து அம்பியருக்கு மேல் ஓடும், வலு 2400 வாட்டைத் தாண்டும். அயன் கருகிவிடும். வோல்ட் இரண்டு மடங்கானால் சூடும் இரண்டு மடங்குதான் என்று நினைத்திருந்தேன். அம்பியரும் கூடவே ஏறுவதால் நாலு மடங்காகிறது! மூன்று தரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

"எட்டோட படிப்ப உட்ட ஒனக்கு கரண்டப் பத்தி என்னடி வெளங்கும்?" என்று நேற்றுக் கேட்டீர்கள். இரவே கொப்பியை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டேன்.

உங்கள் தங்கை ஜெஸீமா

பி.கு: கணக்கு உங்கள் தலையணைக்கடியில் உள்ள கொப்பியில். இப்படி இன்னும் நாலு கொப்பி இருக்கிறது, உம்மாவிடம் சொல்லாதீர்கள். கணக்குச் சரியென்றால் சிவப்புப் பேனையால் ஒரு சரி போடுங்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு யாரும் எனக்குச் சரி போட்டதில்லை.