வேலை அளிப்பவர் பெயர்

அப்பா, இன்று சாயங்காலம் அம்மா பரணிலிருந்து உங்கள் ரெக்சின் பையை இறக்கினாள். ஜிப்பைத் திறந்ததும் குக்கர் ரப்பர் வாசனை வீடு முழுக்கப் பரவியது. நீங்கள் வேலை முடிந்து வந்து என் தலையில் கை வைக்கும்போது வருமே, அதே வாசனை. நான்கு வருஷமாக அந்தப் பைக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

அம்மா தேடியது உங்கள் ஆதார் நகலை. ரப்பர்களுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் அது கிடைத்தது. அதற்கும் அடியில் நான்காக மடித்த ஒரு காகிதம் இருந்தது. மடிப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. குழம்பு அடிபிடிக்கிற வாசனை வந்து அம்மா எழுந்து ஓடிய நேரத்தில் அதை எடுத்து வேதியியல் நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

இப்போது அம்மா கிரைண்டருக்குப் பக்கத்தில் தூங்குகிறாள். நான் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அவள் புரண்டு படுத்தால்கூட என் பேனா நின்றுவிடுகிறது. அந்தப் பழைய படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று ஒன்பது மணியிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கிழிக்கவும் பயம், வைத்துக்கொள்ளவும் பயம்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். ஊரடங்கு. ஆனையூரில் நம் தெருவே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது. வெளியாள் ஒருவரை யாரும் அடுப்படி வரைக்கும் விட மாட்டார்கள். உங்களுக்கோ வேலையே மற்றவர்களின் அடுப்படியில்தான். மொபெட் வாசலில் நின்றது. கை சும்மா இருக்காமல் நம் வீட்டுக் குக்கரையே நீங்கள் மூன்று முறை கழற்றி மாட்டினீர்கள். "நல்லாத்தேன் இருந்துச்சு, இனிமே விசில் வராது பாருங்க" என்று அம்மா திட்டினாள்.

அப்போதுதான் எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வந்து, தனக்கு நிவாரணம் வந்துவிட்டது, தினக்கூலிகளுக்கும் சொந்தமாகக் கைவேலை செய்கிறவர்களுக்கும் உண்டாம், எழுதிக் கொடுங்கள் என்றார். நீங்கள் ஜெராக்ஸ் கடையில் படிவம் வாங்கி வந்தீர்கள். கடைக்காரர் தானே நிரப்பித் தருகிறேன் என்றாராம். நீங்கள் வேண்டாம் என்றுவிட்டீர்கள்.

"எம்மக எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். நீயே எழுது தாயி."

அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பெயர் எழுதினேன். முகவரி எழுதினேன். தொழில் என்ற இடத்தில் 'குக்கர், அடுப்பு ரிப்பேர்' என்று எழுதச் சொன்னீர்கள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "முன்னால சொந்தத் தொழில்னு சேத்துக்க" என்றீர்கள். அந்த வார்த்தையில் உங்களுக்கு அம்புட்டு ஆசை. அடுத்த கட்டம், 'வேலை அளிப்பவர் பெயர்.'

"இதுக்கு என்னப்பா எழுத?"

"எனக்கு யாரு வேலை குடுக்கா? பிஞ்சுபோன ரப்பருதேன் குடுக்குது. இரு, தண்ணி லாரி வந்துருச்சு, வந்து சொல்லுறேன்" என்று குடத்தோடு ஓடினீர்கள்.

நான் காத்திருக்கவில்லை. பரீட்சையில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது, எதையாவது எழுதினால் மார்க் வந்தாலும் வரும், விட்டால் நிச்சயம் வராது என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். உங்களுக்கு வேலை கொடுப்பது நீங்கள்தானே என்று கணக்குப் போட்டேன். அந்தக் கட்டத்தில் உங்கள் பெயரையே எழுதினேன், இனிஷியலோடு. நீங்கள் ஈரக் கையைத் துடைத்துவிட்டு வந்து, படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டீர்கள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

தல்லாகுளத்து அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிப் போனீர்கள். எழுதிய பிள்ளை கூட இருந்தால் ஏதாவது கேட்டால் சொல்லும் என்றீர்கள். வெயிலில் வட்டம் போட்டு நிற்க வைத்திருந்தார்கள். நம் முறை வந்ததும் அங்கிருந்தவர் படிவத்தைப் பார்த்துவிட்டு முகக்கவசத்தை இறக்கினார்.

"முதலாளிங்களுக்கு இது கிடையாதுங்க."

"யாரு சார் முதலாளி?"

"நீங்கதான். இங்க போட்டிருக்குல்ல, வேலை அளிப்பவர்னு உங்க பேரு?"

நீங்கள் அந்தக் கட்டத்தை முதல் முறையாகப் பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். "சார், முதலாளியும் நாந்தேன், வேலையாளும் நாந்தேன். சாயங்காலம் இந்தப் பையில இருந்து எடுத்து அந்தப் பையில போட்டுக்கிருவேன்."

"அதத்தான் நானும் சொல்றேன். முதலாளின்னு ஒத்துக்கிட்டீங்கள்ல? வேணும்னா யாராவது கடைக்காரர்கிட்ட, எங்கிட்ட வேலை பாக்குறாருன்னு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. ஆமா, யாரு எழுதினது இது?"

நான் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஜெராக்ஸ் கடையில எழுதினது சார்" என்றீர்கள்.

ரப்பர் வாங்குகிற பாத்திரக் கடைக்காரரிடம் கையெழுத்துக் கேட்டுப் போனோம். அவர் உங்களோடு படித்தவர். "கேட்டா குடுத்திருவேன் மாப்ள. ஆனா நாளைக்கு எவனாச்சும் வந்து, உன் ஆளுக்குச் சம்பளம் எங்க, போனஸ் எங்கன்னு என்னைய கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. சிறு தொழில் செய்கிறவர்களுக்குக் கடன் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு வங்கிக்குப் போனால், கடை எங்கே, போர்டு எங்கே என்று கேட்டார்கள். நீங்கள் வெளியே நின்ற மொபெட்டைக் காட்டினீர்கள். "இது கூலி வேலைங்க. உங்கள மாதிரி ஆளுகளுக்குத் தல்லாகுளத்துல நிவாரணம் தர்றாங்களே, அங்க போங்க" என்றார்கள். அங்கே போனால் முதலாளி, இங்கே வந்தால் கூலி. அப்படியென்றால் நீங்கள் யாரப்பா? பதினோராம் வகுப்பு வந்தும் எனக்கு விடை தெரியவில்லை.

தெருவில் செய்தி பரவிவிட்டது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் தினமும் வாசலில் நின்று, "என்ன முதலாளி, கம்பெனி இன்னைக்கும் லீவா?" என்பார்.

"என்ன செய்யண்ணே, வேலையாள் ஸ்ட்ரைக்கு பண்றான். கூலி கூடக் கேக்குறான், குடுக்க மாட்டேன்னுட்டேன்" என்பீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். நான் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

அம்மாவிடமும் ஜெராக்ஸ் கடையில் எழுதியது என்றே சொல்லியிருந்தீர்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்த ஜெராக்ஸ் கடைக்காரன் கை வெளங்குமா? அடுத்தவன் வயித்துல அடிச்சுட்டானே!" என்றாள். அப்போதாவது நீங்கள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "விடு, அவனுக்கு என்ன தெரியும்" என்றீர்கள். அன்று ராத்திரி என்னிடம் தனியாக, "கட்டம் போட்டவன் தப்பு தாயி, எழுதுன புள்ள தப்பு இல்ல" என்றீர்கள். அதற்குமேல் அதைப் பற்றி நாம் பேசவே இல்லை.

அடுத்த வருஷம் மறுபடியும் எல்லாம் சாத்தியபோது நீங்கள் வீட்டில் இருக்கவில்லை. கையில் ஒன்றும் இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஊர்களுக்குள் கெடுபிடி குறைவு என்று மொபெட்டை எடுத்தீர்கள். "ரெண்டு குக்கர் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய், காய்ச்சலோடு திரும்பினீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குள் உங்களோடு நாங்கள் வர முடியவில்லை. பையை மட்டும் எங்களிடம் கொடுத்தார்கள்.

அந்த நிவாரணம் வந்திருந்தால் நீங்கள் அன்று போயிருக்க மாட்டீர்களோ? இதை யாரிடமும் கேட்டதில்லை. எதிர்வீட்டுக்காரருக்கு வந்ததும் பத்து நாளில் தீர்ந்துவிட்டது, அவரும் வண்டியை எடுக்கத்தான் செய்தார் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். பகலில் நம்ப முடிகிறது.

அம்மா இப்போது வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறாள். கைத்தொழில் செய்கிறவர்களுக்கான பதிவில் அவள் பெயரைச் சேர்த்தால் என் படிப்புக்கு உதவித்தொகை கிடைக்கும் என்று பள்ளியில் சொன்னார்கள். நாளைதான் கடைசி நாள். மத்தியானம் படிவம் வாங்கப் போனோம். அதே கட்டம், அதே வார்த்தை. படிவம் கொடுத்த அக்காவிடம், "இதுல என்ன எழுதணும்?" என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

"சொந்தமா செய்றாங்களா? அதுல ஒரு கோடு போட்டு விட்டுருமா. அம்புட்டுத்தான்."

ஒரு கோடு! ஸ்கேல்கூட வேண்டாம். அதை அந்தப் படிவத்தின் ஓரத்தில் ஒரு வரியாக அச்சடித்திருந்தால் என்ன? அந்த வெயிலில், அந்த மனிதர் கையெழுத்து வாங்கி வா என்பதற்குப் பதிலாக, இதை அடித்துவிட்டு ஒரு கோடு போடுங்கள் என்று சொல்லியிருந்தால் என்ன? அவரிடம் பேனா இருந்தது. நான் பார்த்தேன், சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா, "ஒரு கோடு போடத் தெரியல அந்த ஜெராக்ஸ்காரனுக்கு" என்று புலம்பிக்கொண்டே வந்தாள். ஐந்து வருஷமாக அவள் அந்தக் கடைப் படி ஏறுவதில்லை. ஒரு நகல் எடுக்க இரண்டு தெரு தாண்டிப் போகிறாள். அவரோ என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நல்லா படிக்கிறியா பாப்பா? அம்மா ஏன் நம்ம கடைக்கு வாரதே இல்ல?" என்று கேட்கிறார். தலையை ஆட்டிவிட்டு ஓடி வந்துவிடுகிறேன்.

புதுப் படிவத்தை எழுதி முடித்துவிட்டேன். அந்தக் கட்டத்தில் கோடு போட்டாயிற்று. ஸ்கேல் வைக்காததால் கொஞ்சம் வளைந்துவிட்டது. பழையதைக் கிழிக்கவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் 'ழ' ஒரே மாதிரி இருக்கிறது, வாலைச் சுழித்து. அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள் என்றாலும், ரேஷன் கடையிலிருந்து பள்ளிக்கூடம் வரை எல்லாக் காகிதத்திலும் அந்தச் சுழியைப் பார்த்திருக்கிறாள்.

நான்கு மணிக்கு அவள் எழுந்து கிரைண்டர் மூடியைத் திறப்பாள். இரண்டு படிவத்தையும் அந்த மூடிமேல் வைக்கப் போகிறேன். பழையது மேலே. அவள் விளக்கைப் போட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு, "யாரு எழுதினது இது?" என்று கேட்பாள். பிடித்துக்கொள்ள உங்கள் சட்டை இருக்காது. நான் முன்னால்தான் நிற்க வேண்டும் அப்பா.