மாதிரி வீட்டுக் கட்டில்

மார்ச் 4, திங்கள்

கட்டில் மூன்றாவது தடவையாகப் பட்டறைக்குத் திரும்பி வந்திருக்கிறது. 1.90 மீட்டர் இருக்க வேண்டிய கட்டிலை 1.70 ஆக்கிக் கொடுத்தேன். போதாதாம். இன்னும் ஐந்து சென்டிமீட்டர் வெட்ட வேண்டுமாம். இதில் யார் படுப்பார்கள் என்று இன்ஜினியர் கின்தேரோவிடம் கேட்டேன்.

"படுக்கிறதுக்கா செய்யச் சொன்னேன் நோராம்மா? பார்க்கிறதுக்கு. வாசல்ல நின்னு பார்த்தா ரூம் பெரிசாத் தெரியணும், அவ்வளவுதான்."

நாற்பத்திரண்டு சதுர மீட்டர் வீடு. வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்று ஒன்றை மட்டும் அலங்கரித்து வைக்கிறார்கள். உள்கதவு ஒன்றுகூட மாட்டக்கூடாது. மாட்டினால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். சமையல் மேடை அறுபது சென்டிமீட்டர் ஆழம் வேண்டும், நாற்பத்தைந்துதான் போட்டிருக்கிறேன். சாப்பாட்டு மேசைக்குக் கண்ணாடிப் பலகை. ஒரு சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி. மற்றதெல்லாம் வெள்ளை. பத்திரிகைகளில் 'சிறிய வீட்டுக்குப் பத்து யோசனைகள்' என்று போடுவார்களே, இது பதினோராவது யோசனை: சாமான்களைக் குள்ளமாக்கு.

எனக்கு எரிச்சல் வந்தது இது ஏமாற்று வேலை என்பதால் இல்லை. அதை இங்கேயாவது உண்மையாக எழுதுகிறேன். ஓரத்து லேமினேட்டை மூன்றாம் தடவை பிய்த்து ஒட்ட வேண்டியிருக்கிறதே என்றுதான் எரிச்சல். வெட்டிக் கொடுத்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

தங்கை எதில்மா வீட்டில் மதியச் சாப்பாடு. வீடு என்றால் வாடகைக்கு ஒன்றரை அறை. பன்னிரண்டு வருஷமாகக் குளியலறைக்கு இன்னொரு குடும்பத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். அஹியாக்கோ சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றிவிட்டு அவள் உட்காராமலே நின்றாள்.

"அக்கா, வீடு வாங்கிட்டோம். நேத்து கையெழுத்துப் போட்டாச்சு."

போனில் படம் காட்டினாள். என் மேசை. என் மேடை. என் கட்டில்.

"இந்தக் கட்டில்ல உக்காந்துகூடப் பார்த்தேன். சுத்தி வர எவ்வளவு எடம் பாரு."

அவள் புருஷன் வில்மர் பஸ் ஓட்டுகிறார். ஒரு மீட்டர் எண்பத்தெட்டு உயரம். "இனிமே குளிக்கிறதுக்கு யாரு கதவையும் தட்ட வேண்டாம் அண்ணி" என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ரொம்ப சந்தோஷம் என்றேன். சூப்பைக் குடித்தேன். இன்னொரு கிண்ணமும் வாங்கிக் குடித்தேன்.

ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை? நான் ஆச்சரியப்பட வேண்டுமாம். பட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

இன்ஜினியரைப் பார்க்கப் போனேன். உங்கள் வீட்டை வாங்கியிருப்பது என் தங்கை என்றேன். கை கொடுத்தார்.

"வாழ்த்துகள். பிடிக்கலைன்னா பதினஞ்சு நாளைக்குள்ள விலகிக்கலாம், கட்டினது முழுசும் திரும்ப வந்துடும். நீங்களே அவங்ககிட்ட சொல்லிப் பாருங்க" என்றார். பிறகு மேசையிலிருந்த காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அடுத்துக் கட்டப்போகிற இரண்டு அடுக்குமாடிக் கோபுரங்களுக்கும் மாதிரி வீடுகள். "இதையும் உங்களுக்கே குடுத்துடலாம்னு பார்க்கிறேன்."

மிரட்டினாரா? குரல்கூட உயரவில்லை. மிரட்டியிருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

பட்டறையில் என்னை நம்பி நாலு பேர் இருக்கிறார்கள் — இதை ஏன் எழுதுகிறேன்? இங்கே யார் என்னை விசாரிக்கிறார்கள்?

மார்ச் 17, ஞாயிறு

மறுபடி எதில்மா வீடு. தரைக்கு என்ன ஓடு போடலாம் என்று பேச்சு. சொல்லவில்லை.

மார்ச் 23, சனி

நாளையோடு பதினைந்து நாள் முடிகிறது. இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். எங்கள் ஊர் வழக்கப்படி பாலாடைக்கட்டி போட்டுச் சூடாகக் குடிக்கச் சாக்லேட் கொடுத்தாள். சுவரெல்லாம் பத்திரிகையிலிருந்து வெட்டிய சமையலறைப் படங்கள்.

"கிச்சனை நீதான் செய்யணும் அக்கா. மாதிரி வீட்டுல இருந்துச்சே, அச்சு அசல் அதே மாதிரி."

வாயைத் திறந்தேன். சரி என்று வந்தது.

மார்ச் 25, திங்கள்

இன்ஜினியர் ஒப்பந்தம் அனுப்பியிருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 14, சனி

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் எதில்மாவுக்குச் சாவி கொடுத்தார்கள், நானும் கூடப் போயிருந்தேன். இங்கே வீட்டைப் பாதி வேலையோடுதான் கொடுப்பார்கள் — பூச்சில்லாத சாம்பல் சுவர், வெறும் சிமெண்டுத் தரை, சமையலறை என்ற பெயரில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதில்மா அந்தச் சாம்பல் சுவரைக்கூடத் தடவித் தடவிப் பார்த்தாள். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. பழைய கட்டிலை வில்மர் நாலு மாடி சுமந்து வந்தார், புது வீட்டில் முதலில் கட்டில் போட வேண்டும் என்று. போட்டார். கால்மாட்டில் ஒரு ஆள் ஒருக்களித்துக்கூடப் போக முடியவில்லை. திருப்பிப் போட்டார். குறுக்கே போட்டார்.

"வீட்டை மாத்திக் குடுத்துட்டானுங்க. நாம பார்த்தது இதைவிடப் பெரிசு" என்று கீழே இறங்கிப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

விற்பனை அலுவலகத்தில் ஒரு பெண் பத்திரத்தை எடுத்து விரித்தாள். நாற்பத்திரண்டு. "மாதிரி வீடும் இதே அளவுதான் சார். உங்க சாமான்தான் பெரிசு." பக்கத்தில் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். வில்மர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மனுஷன் மன்னிப்புக் கேட்கிறார், நான் பக்கத்தில் மரம் மாதிரி நிற்கிறேன்!

மேலே வந்ததும் எதில்மா என்னைப் பார்த்தாள். "நாங்கதான் முட்டாளுங்க. நீயாவது சொல்லு அக்கா, அன்னைக்கு நாங்க சரியாப் பார்க்கலையா?"

"சரியாத்தான் பார்த்தீங்க. அந்தக் கட்டில்தான் சின்னது. நான்தான் வெட்டினேன்."

அவளுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில், மேடை, கதவு, கண்ணாடி. கடைசியில் அந்தப் பதினைந்து நாளையும் சொன்னேன். வில்மர் எழுந்து படிக்கட்டுக்குப் போய்விட்டார்.

"அந்தப் பதினஞ்சு நாள்ல எங்க வீட்டுல எத்தனை தடவை சாப்பிட்டே?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை.

"மூணு தடவை."

"போயிடு."

ச்சீ. என்ன பொம்பளை நான். இத்தனை நாளும் மனசுக்குள்ளே கின்தேரோவைத் திட்டினேனே, அந்த ஆள் என் வாயையா கட்டி வச்சான்?

செப்டம்பர் 22, ஞாயிறு

எதில்மா போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

போன வாரம் புதுக் கோபுரத்துக்கு அளவு வந்தது. கட்டில் இந்தத் தடவை 1.60. நேரே இன்ஜினியரிடம் போய் 1.90 என்றால் செய்கிறேன், இல்லையென்றால் ஆளை விடுங்கள் என்றேன்.

"தங்கச்சிக்காகவா? அவங்கதான் வாங்கியாச்சே நோராம்மா" என்றார், குழந்தைக்கு எடுத்துச் சொல்வதுபோல. அவருடைய ஆபீஸ் மேசையைச் செய்ததும் நான்தான். அதைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கலாம்.

வேலை வேறு ஒருவனுக்குப் போய்விட்டது. அவன் 1.60 வெட்டிக் கொடுப்பான். என் பட்டறையில் இரண்டு பேரை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒன்பது வருஷமாக என்னோடு இருந்த ஹைரோ உளிகளைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "இந்தக் கோபம் மார்ச்ல வந்திருந்தா உங்க தங்கச்சியாவது தப்பிச்சிருப்பாங்க. இப்ப வந்து எனக்கு வேலை போனதுதான் மிச்சம்."

அவர் போனபிறகு இழைப்புளியைச் சுவரில் வீசினேன். உடைந்தது. அதுவும் என் காசுதான்.

நவம்பர் 20, புதன்

எதில்மா சமையலறை வேலையை வேறு யாரிடமோ கொடுத்திருக்கிறாளாம். மரக்கடைக்காரர் சொன்னார், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு. வயிறு எரிந்தது. அக்கா தச்சு வேலை செய்கிறவள், தங்கை வீட்டு மேடையை எவனோ வந்து அளக்கிறான். கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். தெரிந்தால் கோபம் வராமல் இருந்துவிடுமா?

டிசம்பர் 14, சனி

எதில்மாவிடமிருந்து செய்தி. 'நாளை மதியம் வீட்டுக்கு வா.' அவ்வளவுதான்.

டிசம்பர் 15, ஞாயிறு

போனேன். பக்கத்து வீட்டுக்காரர்கள், வில்மரோடு வேலை செய்கிறவர்கள் என்று ஏழெட்டுப் பேர் இடித்துக்கொண்டு நின்றார்கள். சமையலறை பளபளவென்று இருக்கிறது. பிடி இல்லாத கதவுகள், அலமாரிக்கு அடியில் விளக்கு. அப்படியே பத்திரிகைப் படம் மாதிரி இருக்கிறது என்றாள் ஒருத்தி. எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

எதில்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். "எப்படி இருக்கு?" என்றாள். மூன்று மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நல்லா இருக்கு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் அவள் என்னை உட்காரவைத்துச் சாப்பாடு போடுவாள். எனக்கு வேண்டியதும் அதுதானே.

இழுப்பறையை இழுத்துக் காட்டினேன். "பாதிதான் வருது, ஃப்ரிட்ஜ்ல இடிக்குது. மேல் அலமாரி ரொம்ப இறங்கியிருக்கு, வில்மர் நெத்தியைப் பாரு. ரெண்டையும் கழட்டித்தான் ஆகணும்."

வில்மர் நெற்றியில் சிவந்திருந்த இடத்தைத் தடவிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரி என்னை முறைத்தாள், விருந்துக்கு வந்த இடத்தில் பேசுகிற பேச்சா என்று.

"ரெண்டு வாரமா எனக்கும் தெரியும்" என்றாள் எதில்மா. "இதுவரைக்கும் இருபது பேரைக் கேட்டுட்டேன். எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க."

சாப்பாட்டுத் தட்டை என் கையில் வைத்தாள். "எப்ப வந்து கழட்டுவே?"

நாளை காலை ஏழு மணிக்குப் போக வேண்டும். அவள் இன்னும் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.