ஷரோன் வீட்டில் இல்லை

என்னங்க,

போனில் சொன்னால் ஏழு பிள்ளைகளில் யார் காதிலாவது விழும். அதனால் எழுதுகிறேன். எல்லோரும் நலம். கென்னத்துக்கு முன்பல் விழுந்துவிட்டது.

நேற்று மத்தியானம் நம் வீட்டுக் கேட்டருகே ஒரு பெண் வந்து நின்றாள். செடெனாக் ஊரிலிருந்து இங்கே மாசாய்க்குப் பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். ஷரோனின் அதே கண்கள். அவளைப் பெற்றவள் என்று கேட்காமலே தெரிந்தது.

"புள்ளைய ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்க்கா. வேற ஒன்னும் கேக்க மாட்டேன்."

நாம் பெற்ற நால்வரைக் கேட்டு யாரும் வரப்போவதில்லை. தத்தெடுத்த மூவரை நினைத்துத்தான் இத்தனை வருடமாக எனக்குப் பயம்.

"ஷரோன் வீட்டுல இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

அவள் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். திரும்பினேன். துணிக்கூடையோடு ஷரோன் நின்றிருந்தாள்.

"நல்லா வளத்திருக்கீங்கக்கா" என்றவள், போன் நம்பர் எழுதிய தாளைக் கேட்டில் செருகிவிட்டுப் போய்விட்டாள்.

ஷரோன் அழவில்லை. "நான் ஏன்ம்மா வீட்டுல இல்ல?" என்று மட்டும் கேட்டாள். கேட்டிலிருந்த தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

இன்று காலை அந்த நம்பருக்கு அழைத்து, நீங்கள் லீவில் வரும் ஞாயிறன்று அவளையும் வரச் சொன்னேன். லீவைத் தள்ளிப்போடாதீர்கள். பேசி முடிக்கும்வரை போனை என் காதருகே பிடித்துக்கொண்டிருந்தது ஷரோன்தான்.

உங்கள் பிள்ளைகளின்
அம்மா