சடையப்பன் சார் ஒட்டிய ரோல்

2.7.2009
கடலூர் முதுநகர் போய்வந்தேன். பேங்க் கேஷியர் சடையப்பன் சார் போன மாதம் ரிடையர் ஆகிவிட்டார். 1971-இல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதல் சம்பளத்தில் இருபது ரூபாயைக் கட்டி, புதுக்காசாக எடுத்து வைத்த இரண்டு ரோல்களை பழைய காசு சேர்க்கிறவள் என்று எனக்கே கொடுத்துவிட்டார். தாமரை போட்ட இருபது பைசா, ரோலுக்கு ஐம்பது. தானே காகிதம் சுற்றி, கோந்து தடவி, ஓரத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டது. "விக்கறதுக்கில்லம்மா. அடுத்த மாசம் நாணயக் கண்காட்சியில வச்சுப் பிரி. நானும் பாக்கணும்." முப்பத்தெட்டு வருசமாகக் கை படாத காசு! பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி வழக்கம்போல சாமி படத்துக்குப் பின்னால்.

5.8.2009
பிராக்டிகல் பரீட்சை டூட்டி. விருத்தாசலத்தில் நாலு நாள். அண்ணாமலை நகர் லேபில் இருந்து என்னைத்தான் அனுப்புவார்களா?

23.8.2009
இன்று நாணயக் கண்காட்சி.

கையுறை போட்டு, எல்லார் முன்னாலும் ஒரு ரோலைப் பிரித்தேன். முதல் காசை லென்ஸில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. பளபளப்பு இருக்கிறது, ஆனால் அச்சடித்த பளபளப்பு இல்லை. மேலெல்லாம் பொடிக் கீறல். இரண்டாவதும் அப்படி. ஐம்பதும் அப்படி! "இது கழுவித் தேய்ச்ச காசு. கை படாத யூஎன்சி காசு இல்ல" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். யாரோ சிரித்தார்கள். சடையப்பன் சார் முன்வரிசையில் இருந்து எழுந்தார். "முப்பத்தெட்டு வருசம் கேஷ்ல உக்காந்தேன். என் கையெழுத்துக்கு ஒருத்தரும் கொற சொன்னதில்ல." அவ்வளவுதான். போய்விட்டார்.

24.8.2009
அவர் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? செய்திருப்பாரா?

6.9.2009
ஐயோ.

நாத்தனார் தில்லையம்மாள் காலையில் வந்தார். "லேகா, அந்தத் தாமரைக் காசு ரொம்ப ராசிடி. அடுத்த ஆடி வெள்ளிக்கும் குடு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நூத்தியெட்டு காசு அர்ச்சனைடி. ஒன்னோட ரெண்டு ரோலு நூறு, எங்கிட்ட எட்டு. நீ விருத்தாசலம் போயிருந்தப்ப தம்பிதான் எடுத்துக் குடுத்தான். கறுத்துக் கெடந்துச்சு, சாமிக்கு அப்படியே வப்பாங்களா? புளி போட்டு, நாரால நல்லா தேச்சேன். காகிதம்கூட கிழியல பாரு, சோத்துப் பசையில ஒட்டிக் குடுத்தேன்." முகத்தில் அத்தனை பெருமை.

சிலம்பரசனைக் கேட்டேன். "அக்கா கேட்டுச்சு, குடுத்தேன். காசுதானே?" காசுதானே! புருசன் என்றும் பார்க்காமல் கத்தித் தீர்த்தேன்.

பிறகு அந்த ரோல் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். மடிப்பில் காய்ந்துபோன ஒரு சோற்றுப் பருக்கை, வெறும் கண்ணுக்கே தெரிகிறது. ஐம்பது காசையும் லென்ஸ் வைத்துப் பார்த்தவள், காகிதத்தைப் பார்த்தேனா? எவ்வளவு பெரிய பாவி நான்.

13.9.2009
முதுநகர். சடையப்பன் சார் மனைவி இருசம்மாள் கதவைப் பாதிதான் திறந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன், அழுதேன். உள்ளே போய்விட்டு வந்தார். "அவுரு வரமாட்டாராம். நாலு பேரு முன்னாடி சொல்லிட்டு, வூட்டுக்கு வந்து மன்னிப்பு கேட்டா ஆச்சா?"

நியாயம்தான்.

22.8.2010
இந்த வருசக் கண்காட்சி, அதே மண்டபம். அந்த ஐம்பது காசு, காகிதம், பருக்கை, எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். அதே மைக்கில், "தேய்ச்சது எங்க வீட்ல. பாக்காம சொன்னது நான். சடையப்பன் சார் கையெழுத்து சுத்தம்" என்றேன். முன்வரிசையில் அவர் இல்லை. இறங்கும்போது படியைத் தவறவிட்டேன்.

29.8.2010
இருசம்மாள் கோயிலுக்கு வந்தவர், விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பையில் இருந்து ஒரு ரோலை எடுத்து நீட்டினார். புது ஒரு ரூபாய்க் காசுகள். கோந்து இன்னும் சரியாகக் காயவில்லை. ஓரத்தில் அதே கையெழுத்து, இன்றைய தேதி. கூடவே ஒரு ரசீதுச் சீட்டு.

"நீ மைக்கில சொன்னத கேள்விப்பட்டாரு. பிரிச்சு எண்ணிப் பாத்துட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கியாரச் சொன்னாரு."

பிரிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.