வெறும் மாடம்

ஜமுனாமரத்தூர்

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? ஊழியத்துக்கு வந்த இடத்துல மலைக்குளிர் எனக்குப் பழகிடுச்சு.

அம்மாக்கண்ணு அக்காவுக்கு ஜெபம் பண்ணி, பிடிச்சிருந்த பேய் போயிடுச்சுன்னு எழுதினேனே, அது திரும்ப வந்துடுச்சு, முன்னைவிட மோசமா. நான் சொல்லித்தான் சுவர் மாடத்துல இருந்த சாமி சொம்பை எடுத்தாங்க. அதுலேர்ந்து சொந்தக்காரங்க யாரும் அந்த வூட்டுப் பக்கம் வர்றதில்ல. "இருந்ததை எடுத்துட்டியே, இன்னா வெச்சிட்டுப் போன?"ன்னு அக்கா என்கிட்ட கேட்டாங்க.

துரத்தின ஆவி திரும்பி வந்து, வீடு பெருக்கி வெறுமையா இருக்கறதைப் பாத்து, இன்னும் ஏழு ஆவியைக் கூட்டிட்டு வரும்னு இயேசு சொன்னாரே. விசுவாசம் நிறையாத மனசுதான் அந்த வீடுன்னு நீங்க பிரசங்கம் பண்ணுவீங்க. இங்க பாஸ்டரும் அக்கா மேலதான் குத்தம்ங்கறார். எனக்கு அந்த மாடம்தான் கண்ணுல நிக்குது.

நான் தனியா இருக்கற ரூமுக்குப் பழைய ரேடியோவை அனுப்புங்கப்பா. முடிஞ்சா நீங்களே வாங்க. ரூமைப் பெருக்கி சுத்தமாத்தான் வெச்சிருக்கேன். அதான் பயமா இருக்கு.

லெட்டர் குடுத்தனுப்பற பஸ் கிளம்புது.
குணசீலன்